கையேட்டைப் படித்துக் காட்டுவாழ்வுத் திறன் கற்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

திறந்த வெளியில் உயிர்பிழைக்கும் திறன்களைச் சொல்லித்தரும் கையேடுகளில் பெரும்பாலானவை, பனி பொழியும் நாடுகளின் ஊசியிலைக் காடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்றை வாங்கிக்கொண்டு தேவிபட்டினத்திலோ ஏர்வாடியிலோ வாலிநோக்கத்திலோ பயிற்சிக்கு இறங்குகிறவர், முதல் நாளிலேயே மூன்று இடங்களில் இடறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குடிநீரைக் குறைவாக எடுத்து வருகிறார். வந்தவுடன் நிழலைத் தேடாமல் தீ மூட்ட உட்காருகிறார். நூலில் உள்ளபடி சூரியனைப் பார்த்துத் திசை கணித்து, வடக்கு என்று எண்ணித் தெற்கே நடக்கிறார். மூன்றிலும் நூல் பொய் சொல்லவில்லை. அது வேறொரு நிலத்தைப் பற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நூலை இந்த மண்ணுக்கு ஏற்ப மாற்றிப் படிப்பது, தேவையானவற்றைச் சேர்ப்பது, பிறகு ஓர் இரவு வெளியில் தங்கித் திரும்புவது என்ற வரிசையில் கீழ்க்காணும் படிகள் அமைந்துள்ளன. வரிசையை மாற்ற வேண்டாம். முந்தைய படி கைகூடாமல் அடுத்த படிக்குப் போனால் ஏற்படும் சிக்கல்களை அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

## 1. நூலை வீட்டில் வைத்து மூன்று குறிகளால் பிரித்துக்கொள்ளுதல்

ஒரே ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நூல்களை ஒருசேரப் படிக்கிறவர், ஒவ்வொன்றிலும் பிடித்த பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடிக்காத பக்கங்களை எல்லா நூல்களிலும் விட்டுவிடுகிறார். விடுபடுவது பெரும்பாலும் முதலுதவிப் பகுதியாகவே இருக்கிறது.

பென்சிலால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'ஆம்', 'மாற்று', 'விடு' என்ற மூன்று சொற்களில் ஒன்றை எழுதுங்கள். முடிச்சுகள், கத்தியைப் பிடிக்கும் முறை, விசில் சைகைகள் ஆகியவை எங்கும் ஒன்றே என்பதால் அவற்றுக்கு 'ஆம்' போதும். தீப்பற்றும் பொருள், கூரை வேயும் பொருள், நார் எடுக்கும் செடி ஆகியவற்றுக்கு 'மாற்று' என்று எழுதி, அதற்கு இணையாக இங்கே கிடைக்கும் பொருளையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பனியில் குழி தோண்டுதல், மரப்பாசியைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடித்தல், தெரியாத செடியைச் சிறிது சிறிதாகத் தின்று பார்த்தல் ஆகியவற்றுக்கு 'விடு'.

'மாற்று' என்று குறித்த பக்கங்களை நீங்களாகவே நிரப்பக் கூடாது. பனையேறுகிறவர், ஆடு மேய்க்கிறவர், கரைவலை இழுக்கிறவர் ஆகியோருள் ஒருவரிடமாவது பெயர்களைச் சொல்லிக் கேட்க வேண்டும். "அண்ணே, தீப்பிடிக்க எது லேசு?" என்று கேட்டால் பனங்காட்டில் நிற்கும் எவரும், மட்டையின் அடியில் வலைபோல் படிந்திருக்கும் பன்னாடையைக் காட்டிவிடுவார். அந்த ஒரு சொல், பனிநாட்டுப் பூர்ச்ச (birch) மரப்பட்டையைப் பற்றிய நான்கு பக்கங்களுக்கு ஈடாகும்.

## 2. இடம், பருவம், ஒப்புதல்

பயிற்சிக்கு ஏற்ற மாதங்கள் தையும் மாசியும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கும் புயலுக்கும் உரியவை. சித்திரையும் வைகாசியும் வெயிலால் புதியவரை வீழ்த்திவிடும். வாடைக்காற்று வீசும் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாக மாறும். ஆகவே தை மாதத்தில் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் ஆகிய தென்கடற்கரைப் பக்கமே தங்குவதற்கு எளிது.

இடத்தைப் பொறுத்தவரை, தெரிந்தவருடைய பனந்தோப்பே சிறந்தது. பட்டா நிலம், உரிமையாளரின் ஒப்புதல், பக்கத்தில் ஒரு விடிலி (பதநீர் காய்ச்சும் பனையேறிகளின் குடிசை) இருந்தால் இன்னும் நல்லது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் கால் வைப்பது குற்றம். 'ஆளில்லாத தீவில் ஒரு இரவு' என்ற ஆசையுடன் வருகிறவர்கள் அதை இந்தப் படியிலேயே விட்டுவிட வேண்டும். தனுஷ்கோடியிலும் மாலைக்குப் பிறகு தங்க அனுமதி இல்லை. அதன் கோடியில் உள்ள அரிச்சல்முனையின் நீரோட்டத்தில் இறங்குவதை நினைக்கவே வேண்டாம்.

இது எல்லைக் கடற்கரை என்பதை மறக்கிறவர்கள் பலர். இரவில் கரையோரம் விளக்கு தெரிந்தால் காவலர்கள் வந்து கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. ஆகவே உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஊர்ப் பெரியவரிடமும் முன்கூட்டியே பெயர், நாள், இடம் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டையைப் பையில் வைத்திருங்கள்.

## 3. எடுத்துச் செல்ல வேண்டியவை

நூலின் பட்டியலில் உள்ள கோடரி, தடித்த போர்வை, கம்பளிக் கையுறை ஆகியவற்றை அடித்துவிடுங்கள். அவற்றின் எடைக்கு நீரை எடுத்துச் செல்லுங்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் நீர், அதற்கு மேல் குழுவுக்குப் பொதுவாக ஒரு கேன் வேண்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆளுக்கு இரண்டு வேண்டும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள தார்ப்பாய், 15 மீட்டர் நைலான் கயிறு, நான்கு காலிச் சாக்குகள், படுக்கும் பாய், கொசுவலை, டார்ச் விளக்கு, விசில், சிறு கண்ணாடி, ஒரு கைமண்வெட்டி, ஒரு பாத்திரம், இரண்டு பருத்தித் துண்டுகள் போதும். லைட்டர்கள் இரண்டு, ஒன்று பையிலும் மற்றொன்று சட்டைப் பையிலும் இருக்க வேண்டும். தீப்பெட்டி கடற்காற்றின் ஈரத்தில் ஓர் இரவிலேயே நமத்துவிடும்.

காலணி தனியே சொல்லத்தக்கது. சீமைக் கருவேல முள்ளும் உடைமுள்ளும் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வரும். என் குதிகாலில் ஒருமுறை ஒடிந்து தங்கிய முள், மூன்றாம் நாள் சீழ் வைத்து, நடக்கவிடாமல் செய்தது. தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் இல்லாதவரை நான் இப்போது குழுவில் சேர்ப்பதில்லை.

கத்தியைப் பற்றி நூல்கள் ஒரு அத்தியாயமே எழுதும். ஒரு சாண் நீளத்துக்குள், மடங்காத, கைப்பிடி முழுவதும் இரும்பு ஓடும் ஒரு கத்தி போதும். பெரிய அரிவாளைப் பேருந்தில் எடுத்து வருவது வீண் வம்பு. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் மாலைதோறும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்.

## 4. திரும்பும் வழியை முதலில் உறுதிசெய்தல்

நூல்களில் இது கடைசி அத்தியாயமாக வரும். பயிற்சியில் இது முதற்படியாக இருக்க வேண்டும். ஏனெனில் மற்ற எல்லாம் தவறினாலும் இது தவறாதிருந்தால் ஆள் வீடு திரும்பிவிடுவார்.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம், தங்கும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அழைப்பு வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077.

அங்கே போய்ச் சேர்ந்தவுடன், பையை இறக்குவதற்கு முன் வண்டி வரக்கூடிய மிக அருகிலுள்ள சாலை வரை ஒருமுறை நடந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இருட்டில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு நடக்க நேர்ந்தால் அதைப்போல் மூன்று மடங்கு ஆகும். கைபேசியில் அலைவரிசை எங்கே கிடைக்கிறது என்பதையும் அதே நடையில் குறித்துக்கொள்ளுங்கள். இராமேசுவரம் தீவுப் பக்கத்தில் சில இடங்களில் கைபேசி இலங்கை வலைப்பின்னலைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை முன்னதாக அணைத்துவைப்பது நல்லது.

வானிலை அறிவிப்பைக் காலையில் ஒருமுறையும், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பும் கேளுங்கள். ஏற்றியிருந்தால், எந்த எண்ணாக இருந்தாலும் பயிற்சியை ஒத்திவையுங்கள்.

## 5. வெயில்

குளிரில் உடல் உறைவதைப் பற்றி நூல் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறதோ, அத்தனை பக்கம் இங்கே வெயிலைப் பற்றிப் படிக்க வேண்டும். காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை எந்த வேலையும் இல்லை என்பது விதி. அந்த நேரத்தில் தோண்டுவதும் வெட்டுவதும் ஒரு லிட்டர் வியர்வைக்கு அரை லிட்டர் பயனைக்கூடத் தருவதில்லை.

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். மணிக்கொரு முறை சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு குறைந்து தலைசுற்றும் என்பதால் பிற்பகலில் ஒரு முறையாவது உப்புச்சர்க்கரைக் கரைசல் வேண்டும். பொட்டலம் இல்லாதபோது 1 லிட்டர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பை மிகுத்துப் போடுவது சர்க்கரையைக் குறைப்பதைவிடத் தீங்கானது.

ஒருவர் பேச்சு குழறி, நடை தள்ளாடி, தொட்டால் உடல் கொதித்தால் அது சாதாரணக் களைப்பு அன்று. நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

## 6. ஊற்று தோண்டுதல்

குழி தோண்டி, பிளாஸ்டிக் தாளை விரித்து, சூரிய வெப்பத்தால் நீரை ஆவியாக்கிச் சேகரிக்கும் முறை எல்லா நூல்களிலும் படத்துடன் இருக்கும். அதைத் தோண்டுவதற்குச் சிந்தும் வியர்வையை அந்தக் குழி ஒரு நாள் முழுவதும் ஈடுசெய்வதில்லை. 'விடு' என்று எழுதுங்கள். இந்தக் கடற்கரையில் அதைவிட நல்ல முறை உண்டு. தனுஷ்கோடியில் இன்றும் மணலில் சிறு குழி பறித்து நல்ல நீர் எடுக்கிறார்கள். உள்நாட்டில் வறண்ட ஆற்றுப்படுகையிலும் கண்மாயிலும் பெண்கள் ஊற்றுப் பறித்துச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள்.

மணலில் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடல்நீரைவிட நல்ல நீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு எடை குறைந்தது என்பதே காரணம். இதைப் புரிந்துகொண்டால் ஊற்று தோண்டும் விதிகள் அனைத்தும் தாமாகவே விளங்கும்.

கடலை ஒட்டித் தோண்டாதீர்கள். முதல் மணல்மேட்டைத் தாண்டி, உள்பக்கம் பள்ளமாக உள்ள, தாழையோ தென்னையோ பசுமையாக நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாயை அகலமாக வைத்துச் சரிவாகத் தோண்டுங்கள். நேர்ச்சுவராகத் தோண்டினால் மணல் சரிந்து மூடும், ஆழமான குழியானால் ஆளையும் மூடும். இடுப்பளவுக்கு மேல் போகவே கூடாது. மணல் நனைந்து, நீர் கசியத் தொடங்கியதும் அரைச் சாண் மட்டும் இறக்கி நிறுத்துங்கள்.

நிறுத்துவதுதான் கடினம். முதல்முறை நான் தோண்டியபோது, நன்றாக ஊறுகிறதே என்ற மகிழ்ச்சியில் இன்னும் ஒரு முழம் இறக்கினேன். படலத்தைக் கிழித்துக்கொண்டு உவர்நீர் மேலே வந்து, கையில் இருந்த ஊற்றும் கெட்டது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, "ஆசப்பட்டா உப்புத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே காரணத்தால், வாளியால் அள்ளாமல் சிரட்டையால் மேலாக மொள்ள வேண்டும். ஊறும் வேகத்துக்கு மேல் எடுத்தாலும் கீழ்நீர் ஏறும்.

முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துவிட்டு, தெளிந்த பிறகு நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உவர்ப்பு தெரிந்தால் அந்தக் குழியை மூடிவிட்டு இன்னும் உள்ளே தள்ளித் தோண்டுங்கள். உவர்ப்பில்லாத நீரை, நான்காக மடித்த துண்டில் வடிகட்டி, தளதளவென ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், உப்பை நீக்காது. கரியிலும் மணலிலும் வடிப்பதும் உப்பை நீக்காது. புதியவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வற்றும்போது நீர் குறைந்து உப்பு மிகுமே தவிர வேறொன்றும் நடக்காது.

இறால் பண்ணை, உப்பளம், கழிவறை, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றுக்கு அருகில் தோண்டவே வேண்டாம். கடல்நீரை நல்ல நீரோடு கலந்து குடிக்கலாம் என்று எந்த நூல் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த உப்பை வெளியேற்ற உடல் அதைவிட மிகுதியான நீரைச் செலவிடும்.

பயிற்சியில் ஊற்று நீர் கற்பதற்கு மட்டுமே. குடிக்கக் கொண்டுவந்த நீரைக் குறைக்க அதைக் காரணமாக்கக் கூடாது.

## 7. நிழலும் படுக்கையும்

இலைச்சருகைக் குவித்து அதற்குள் நுழைந்துகொள்ளும் குடிலை நூல் கற்பிக்கும். குளிரைத் தடுக்க அது சரி. இங்கே சருகுக்குள் தேளும் பாம்பும் முன்னரே குடியிருக்கும். நமக்கு வேண்டியவை பகலில் காற்றோட்டமுள்ள நிழலும் இரவில் காற்று மறைப்பும்.

பனைக்கும் தென்னைக்கும் நேர் கீழே படுக்காதீர்கள்; காய்ந்த மட்டை எச்சரிக்காமல் விழும், பனைமட்டையின் கருக்கு ரம்பம் போல் அறுக்கும். சீமைக் கருவேலப் புதருக்கு ஒட்டியும் வேண்டாம். அலை கொண்டுவந்து ஒதுக்கிய பாசியும் குப்பையும் கோடாகக் கிடக்கும் இடமே கடல் எட்டிய எல்லை. அந்தக் கோட்டுக்கும் உள்ளே, மணல்மேட்டின் மறுபுறம் இடம் பாருங்கள். இங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் காற்று கிளம்பினால் அந்தக் கணக்கு நிற்காது. அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேட்டை மிதித்துச் சிதைக்க வேண்டாம். மணலைப் பிடித்து நிறுத்துபவை அவைதாம்.

தார்ப்பாயைக் கட்டும்போது புதியவர் அனைவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நூலில் உள்ளபடி முளைக்குச்சியை மணலில் அடிக்கிறார்கள். நள்ளிரவில் முதல் காற்றுக்கே அது பிடுங்கிக்கொண்டு போகிறது. சாக்கில் பாதியளவு மணல் நிரப்பி, வாயைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். இழுவிசை ஒரு புள்ளியில் விழாமல் பரந்த மணலில் பரவுவதால் அது அசையாது. காற்று வரும் பக்கத்தைத் தாழ்வாகவும் மறுபக்கத்தை உயர்வாகவும் கட்டினால் பாய் படபடக்காமல் இருக்கும்.

படுக்கும் பாயைச் சுற்றிக் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். இதன் காரணத்தைப் பத்தாம் படியில் சொல்கிறேன். இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது.

## 8. தீ

வெயில் தாழ்ந்த பிறகே தீக்கு வர வேண்டும். வில்லால் கடைந்து தீ எடுக்கும் முறையை முதல் பயிற்சியில் தொடாதீர்கள். மூன்று மணி நேரம் கடைந்து, உள்ளங்கை கொப்புளித்து, குடித்த நீரையெல்லாம் வியர்த்துவிட்டு, கடைசியில் லைட்டரை எடுப்பவர்களையே கண்டிருக்கிறேன். லைட்டரால் ஒரே முயற்சியில், காற்றில், ஈர மணலில் தீயை நிலைநிறுத்தத் தெரிந்த பிறகு கடைகோலுக்குப் போகலாம்.

பொருள்களை மூன்று குவியல்களாகச் சேர்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். முதல் குவியல் பன்னாடை, தேங்காய் நார், எருக்கம் பஞ்சு. இரண்டாவது காவோலைக் (காய்ந்த பனையோலை) கீற்றும் விரல் பருமனுக்குள் உள்ள சுள்ளியும். மூன்றாவது, ஒடித்தால் 'டக்'கென்று முறியும் காய்ந்த சீமைக் கருவேல விறகு. இது நின்று எரிந்து நல்ல கங்கு தரும். வளையும் விறகில் ஈரம் இருக்கிறது. காவோலை சட்டென்று கொழுந்துவிட்டு உடனே அணைந்துவிடும் என்பதால், அதை மட்டும் நம்பினால் விறகு பற்றுவதற்குள் தீ போய்விடும். அதன் எரியும் துணுக்குகள் பறந்து பனந்தோப்பையே கொளுத்தக்கூடும் என்பதால் ஒருமுறைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள்.

இரண்டு துளைகளை நிலத்தடியில் இணைத்து எரிக்கும் அடுப்பை நூல் புகழும். அது களிமண்ணுக்கு உரியது, மணலில் இடிந்து விழும். ஒரு முழ நீளம், ஒரு சாண் ஆழத்தில் காற்றின் போக்கிலேயே ஒரு வாய்க்கால் பறித்து, காற்று நுழையும் முனையில் மணலை அணைகட்டி உயர்த்தினால் போதும்.

தை முதல் பங்குனி வரை ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். அதனால்தான் ஒரு இனத்துக்குப் பங்குனி ஆமை என்றே பெயர். வெளிச்சம் தாய் ஆமையையும் குஞ்சுகளையும் திசைதிருப்பும் என்பதால் கடல் தெரியும் பக்கத்தில் தீயோ விளக்கோ வேண்டாம். அணைக்கும்போது நீரூற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள். மணலை மட்டும் போட்டு மூடிய கங்கு மறுநாள் காலை வரை உயிரோடு இருந்து, வெறுங்காலில் வருகிறவரைச் சுடும்.

## 9. திசை

நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்று நூல் சொல்கிறது. இராமநாதபுரம் கடற்கரை ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் நாளையொட்டி நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அன்று முதல் ஆவணி நடுப்பகுதி வரை அது நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கரை மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். கைக்கடிகார முள்ளைச் சூரியனை நோக்கி வைத்துத் தெற்கைக் காணும் முறையும் இதே காரணத்தால் இங்கே தவறும். அதற்கு 'விடு' என்று எழுதுங்கள்.

மாறாக, நிழல்முனை முறை ஆண்டு முழுவதும் பயன்படும். மட்டமான மணலில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழலின் முனையில் ஒரு சிப்பியை வையுங்கள். 20 நிமிடங்களுக்குப் பிறகு முனை நகர்ந்த இடத்தில் இரண்டாம் சிப்பியை வையுங்கள். முதல் சிப்பி மேற்கு, இரண்டாவது கிழக்கு. முதல் சிப்பி இடப்பக்கமும் இரண்டாவது வலப்பக்கமும் இருக்க நின்றால் முகம் வடக்கு நோக்கும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் பிழை கூடும். இங்கே உள்ளூர் நண்பகல் கடிகாரத்தில் ஏறத்தாழ பன்னிரண்டேகாலுக்கு வரும். சூரியன் உச்சியில் நிற்கும் சித்திரை நாட்களில் அப்போது நிழலே இராது என்பதால் ஒரு மணி நேரம் முன்போ பின்போ செய்யுங்கள்.

இரவில் துருவ விண்மீனை நூல் வானத்தின் நடுப்பகுதியில் வரைந்திருக்கும். இங்கே அது தொடுவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில்தான் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் உயரமே வரும். வடக்கே கடல் திறந்திருக்கும் பாக் நீரிணைக் கரையில் சில இரவுகளில் கிடைக்கும், தென்கரையில் பனைவரிசை மறைத்துவிடும். அதைவிட ஓரியன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் நம்பகமானவை. அவை கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறையும். தை, மாசி இரவுகளில் முன்னிரவிலேயே தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எளிய விதி உண்டு. கீழக்கரை முதல் மூக்கையூர் வரை கடல் தெற்கே. தேவிபட்டினம் முதல் தொண்டி வரை கடல் கிழக்கே. இரண்டு பக்கத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலை கடலுக்கு உள்பக்கமாக ஓடுகிறது. கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தால் சாலை வரும். வழி தவறிய புதியவர் பதற்றத்தில் சிப்பியை வைத்துக்கொண்டு உட்காருவதைவிட இதைச் செய்வதே மேல்.

## 10. கடியும் கொட்டும்

பழைய நூல்களில் பாம்புக் கடிவாயைக் கீறி, வாயால் உறிஞ்சி, மேலே இறுகக் கட்டச் சொல்லும் பக்கம் இருந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்தே போடுங்கள். மூன்றுமே தீங்கு. கடிபட்டவரை அசையாமல் இருக்கச் செய்து, மோதிரம், கொலுசு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். மருத்துவர் அறிகுறியைப் பார்த்தே மருந்து தருவார். வண்டி வராத இடத்தில் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கே நேரே போக வேண்டும். வேர், பச்சிலை, மந்திரம் என்று வழியில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கில், மணலிலும் முட்புதரிலும் மறைந்திருக்கும் சிறிய சுருட்டைவிரியனையே இங்கே மிதிக்க நேரும். செதில்களை உரசி 'சரசர'வென ஒலி எழுப்பும். கட்டுவிரியன் வேறு வகை. இரவில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் இல்லை, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை என்று வந்தால் கடியாகவே கருதி உடனே புறப்பட வேண்டும். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகச் சொன்னது இதற்காகவே.

ஆழமற்ற கடலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடங்கள். புதைந்திருக்கும் திருக்கை விலகிவிடும். திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் காலை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் வலி தணியும்; முள்துண்டு உள்ளே தங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சொறி (ஜெல்லிமீன்) பட்டால் மணலைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள். வண்ணக் கோலமிட்ட கூம்புச் சங்கை உயிரோடு கையில் எடுக்காதீர்கள், அது ஊசி போல் கொட்டும். எருக்கம்பாலும் திருகுகள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் நல்ல நீரால் நீண்ட நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## 11. கயிறும் உணவும்

கயிறு திரிக்கக் காய்ந்த தென்னை நாரிலேயே தொடங்குங்கள். இரண்டு இழைகளையும் தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்ற வேண்டும்; எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கயிறு பிரியாது. இரண்டையும் ஒரே பக்கம் முறுக்குவதே வழக்கமான பிழை. ஆனைக்கற்றாழைச் சாறு தோலை அரிக்கும் என்பதால் அந்த நாரைப் பிறகு பார்க்கலாம்.

உணவைத் தேடிப் பிடிப்பது இந்தப் பயிற்சியில் இல்லை. ஓர் இரவு பசியால் யாரும் சாவதில்லை. தெரியாததைத் தின்று சாவதுண்டு. பேத்தை மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாது. குன்றிமணி, ஊமத்தை, அரளி ஆகியவற்றின் அருகே போகவேண்டாம். கடல் அட்டையையும் பவளத்தையும் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அவல், பொரிகடலை, கருப்பட்டி ஆகியவற்றை எடுத்து வாருங்கள். கருவாடு வேண்டாம், தாகத்தை ஏற்றும்.

## 12. ஓர் இரவின் நேர ஒழுங்கு

காலை ஏழு மணிக்குள் இடத்தை அடைந்து, சாலை வரை நடந்து பார்த்துவிட்டு, ஒன்பதுக்குள் தார்ப்பாயைக் கட்டிவிட வேண்டும். பத்தரைக்குள் ஊற்று. பிறகு மூன்று மணி வரை நிழலில் உட்கார்ந்து முடிச்சும் கயிறும் பழகலாம். நிழல்முனைக் குச்சியைப் பக்கத்திலேயே நட்டு அவ்வப்போது பார்க்கலாம். நான்கரைக்கு விறகு, ஐந்தரைக்குத் தீ, இருட்டுவதற்குள் சாப்பாடு. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது. காலணியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டே காலையில் போட வேண்டும்.

மறுநாள் புறப்படுமுன் ஊற்றுக் குழியை மூடுங்கள். ஆட்டுக்குட்டியும் குழந்தையும் விழும். புதைத்த சாக்குகளை எடுத்து மணலைக் கொட்டுங்கள். எத்தனை லிட்டர் நீர் மிஞ்சியது, எந்தப் பக்கத்தின் 'மாற்று' சரியாக வந்தது, எது வரவில்லை என்பதை அங்கேயே நூலின் ஓரத்தில் எழுதிவிட்டு, வீட்டில் காத்திருப்பவரை அழைத்துத் திரும்புகிறோம் என்று சொல்லுங்கள். நீர் ஒரு லிட்டருக்குக் குறைவாக மிஞ்சியிருந்தால், அடுத்த முறையும் இதே ஓரிரவுப் பயிற்சிதான். இரண்டு இரவுக்குப் போக வேண்டாம்.